வலது கையில் நட்சத்திரம்

அமுதவல்லி தறிச்சத்தத்தில் வளர்ந்தவள். ஆட்டையாம்பட்டியில் அவள் பிறந்த வீட்டில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடின. அந்த வீட்டில் இன்னொரு கரண்டி சோறு வேண்டும் என்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அப்படிப்பட்டவள் சேலத்தில் கல்லூரிக்குப் போய் மூன்று வருடம் வாயே திறக்கவில்லை என்றால் அவள் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் நடந்தது. முதல் வாரத்தில் ஆங்கில வகுப்பில் எழுப்பி, உன்னைப் பற்றி நாலு வரி சொல் என்றார்கள். பேரைச் சொன்னாள். அதற்கு மேல் வரவில்லை. பின் பெஞ்சில் இருந்த, ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்துப் பணக்கார வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்களா, வேறு எதற்காவது சிரித்தார்களா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை அன்றோடு போயிருக்கும். பார்க்காததால் அந்தச் சிரிப்பு கூடவே வந்துவிட்டது, கல்யாணத்துக்கும் வந்தது, பி.எட்.டுக்கும் வந்தது.

தன்னிடம் படிக்கும் எந்தப் பிள்ளையும் அப்படி வாயடைத்து நிற்கக் கூடாது என்று அவள் முடிவுகட்டிக்கொண்டுதான் வாத்தியார் வேலைக்கு வந்தாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தில் தொடங்கியதெல்லாம் நல்லபடியாகவே முடியும் என்றால் நாட்டில் கோயில் எதற்கு, கோர்ட் எதற்கு?

அவளுக்கு வேலை கிடைத்த பள்ளிக்கூடம் ராசிபுரம் போகும் சாலையில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவே, மூன்று மாடியாக நிற்கிறது. தாளாளர் சின்னுசாமி. கோழிப்பண்ணையில் சம்பாதித்ததைப் பள்ளிக்கூடத்தில் போட்டவர். பண்ணையில் கேமரா வைத்துக் கோழிகளைக் கவனித்துப் பழகிய மனிதர், இங்கேயும் வகுப்புக்கு வகுப்பு கேமரா வைத்தார். கோழி பேசாது, பிள்ளைகள் பேசும் என்பதால் இங்கே மைக்கும் சேர்த்து வைத்தார். கேட்டைத் தாண்டினால் தமிழ் கூடாது என்பது சட்டம். ஆயாவுக்குக்கூட ‘கம்’, ‘கோ’, ‘ஈட்’, ‘சிட்’ என்று நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்து வைத்திருந்தார்கள். பாவம், அந்த அம்மாள் பிள்ளைகளை மேய்ப்பதற்கு அந்த நாலே போதும் என்று தாளாளருக்கு எண்ணம்.

மற்ற வகுப்புகளில் தமிழ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்துப் பேசும் பிள்ளை மாட்டும்வரை அது கழுத்தில் கிடக்கும். ஒன்றாம் வகுப்பு அமுதவல்லியுடையது. அவளுக்கு அட்டை மாட்ட மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக நட்சத்திரம் கண்டுபிடித்தாள். வாரம் முழுக்கத் தமிழ் பேசாத பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறங்கையில் பளபளவென்று ஒரு தங்க நிற ஸ்டிக்கர். பிள்ளைகள் அதைத் தண்ணீர் படாமல் ஞாயிறுவரை காப்பாற்றும். அட்டையை விட நட்சத்திரம் எவ்வளவு அன்பானது என்று மற்ற டீச்சர்களே மெச்சினார்கள். அட்டை வாயை வெளியிலிருந்து கட்டியது. நட்சத்திரமோ பிள்ளையே தன் வாயைக் கட்டிக்கொள்ளும்படி செய்தது. இந்த வித்தியாசம் அப்போது யாருக்கும் படவில்லை.

காலையில் அவள் உள்ளே நுழைந்ததும் “ஹவ் ஆர் யூ, சில்ட்ரன்?” என்பாள். “வீ ஆர் ஃபைன், தேங்க் யூ, மிஸ்!” என்று கூரை அதிரும். தனியாகக் கேட்டால் ‘வீ ஆர்’ போய் ‘ஐ ஆம்’ வரும். அதையும் சொல்லிக் கொடுத்திருந்தாள். சளி ஒழுகும் பிள்ளையும் ஃபைன், முதல்நாள் வீட்டில் அடிவாங்கி வந்த பிள்ளையும் ஃபைன். அந்தக் கேள்விக்கு வேறு பதிலும் உண்டு என்று ஒருநாளும் அவள் சொல்லித் தரவில்லை.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் நடந்தது என்றால் நானும் பேசாமல் போய்விடுவேன். அவளுக்குத் தெரியும். போன வருடம் நாமக்கல்லில் ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். பயிற்சி தந்த அம்மாள் நரைத்த தலையும் பருத்திச் சேலையுமாக வந்து, எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்டார். “உங்க வகுப்புப் பிள்ளை யாரும் சொல்லிக் கொடுக்காம, தானா சொன்ன ஒரு இங்கிலீஷ் வாக்கியம் சொல்லுங்க.” அறை நிறைய டீச்சர்கள். எல்லாரும் குனிந்து நோட்டைப் புரட்டினார்கள். “வீட்டுல பேசற பேச்சப் புடுங்கிக்கிட்டு இங்கிலீஷ் குடுக்கறது, ஏணிய உருவிட்டு மாடிக்கு வான்னு கூப்பிடற மாதிரி. முதல்ல அவங்க பேச்சுல கேளுங்க. என்ன சொல்ல வாராங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு இங்கிலீஷ் குடுங்க” என்றார்.

அமுதவல்லி ஊர் திரும்பி அதைச் செய்தும் பார்த்தாள். ஓர் ஆட்டுக்குட்டிக் கதையைத் தமிழில் சொன்னாள், பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளைகளைப் பேசவிட்டாள். இரண்டாம் நாளே, அதுவரை கோரஸில் வாயசைத்துக்கொண்டிருந்த இனியா என்ற சின்னப்பெண் எழுந்து, “மிஸ், மை கோட் டூ பேபி. ஒன் பேபி நோ மில்க்” என்றாள். தப்பும் தவறுமான பேச்சுதான். ஆனால் அந்த வகுப்பில் முதன்முதலாக ஒரு பிள்ளை, ஒரு சேதி சொல்வதற்காக ஆங்கிலம் பேசியிருந்தது. அமுதவல்லி ஆசிரியர் அறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் தாளாளர் கூப்பிட்டனுப்பினார்.

“ஏனுங்க டீச்சர், ஆட்டுக்குட்டிக் கதையெல்லாம் தமிழ்ல ஓடுது போல?”

“புரிஞ்சாத்தானுங்க சார் பேசுவாங்க. ட்ரெய்னிங்ல கூட…”

“புரிய வெக்கறதுக்கு ஊட்ல அம்மா இருக்குது. இங்க பேசறதுக்குத்தான அனுப்பறாங்க? பக்கத்து ஸ்கூல் புள்ள பேசறத ஃபோன்ல பாத்துப்போட்டு, அப்பனுங்க எங்கிட்ட வந்து நிக்கறானுங்க.” சின்னுசாமி குரலை உயர்த்தவில்லை. அவர் எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். “நான் ஒன்னும் சொல்லலைங்க. இந்த டீச்சருக்கு இங்கிலீஷ் வராது, அதான் தமிழ்ல ஓட்டுதுன்னு நாளைக்கு யாராச்சும் சொல்லிப்போட்டா? உங்களுக்குத்தானுங்க சங்கடம்.”

அவ்வளவுதான். பின் பெஞ்சுச் சிரிப்பு கேட்டுவிட்டது. ஆட்டுக்குட்டியும் போனது, கதையும் போனது. அன்றிலிருந்து அமுதவல்லி மற்றவர்களை விடக் கெட்டியாகச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இனியா மறுபடி எழுந்து ஏதோ சொல்ல வந்தபோது, “ஃபுல் சென்டென்ஸ், இனியா” என்றாள். இனியாவிடம் ஃபுல் சென்டென்ஸ் இல்லை. உட்கார்ந்துவிட்டாள். இனியாவுக்கு மதிப்பெண் குறைந்ததால் அடுத்த வருடமும் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் வந்தவள்தான் கனிஷ்கா. அப்பா சிவக்குமாருக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி. வருடத்தில் பாதிநாளுக்கு மேல் வடக்கே போர் போட்டுக்கொண்டிருப்பார். அம்மா ஸ்ரீதேவி வீட்டிலும் காட்டிலுமாகத் தனியாகச் சமாளிப்பவள். கனிஷ்கா வாய் ஓயாத பிள்ளை. வேனில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பொன்னன் அண்ணனுக்கு, அதாவது வேன் ஓட்டுகிறவருக்கு, தங்கள் வீட்டு எருமை நேற்று என்ன செய்தது என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஆகவே அவளுக்கு நட்சத்திரம் கிடைத்ததே இல்லை. செவ்வாய்க்கிழமைக்குள் எப்படியும் வாயிலிருந்து ஏதாவது நழுவிவிடும். வெள்ளிக்கிழமைதோறும் அப்பா வீடியோ காலில் வந்து, “எங்க சாமி, கையக் காட்டு, ஸ்டார் வாங்கிட்டயா?” என்று கேட்பார். இவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் ஒரு வாரம் அவள் எப்படியோ வாயைக் கட்டிவிட்டாள். வேனில்கூடப் பேசவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பொன்னன் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். வெள்ளிக்கிழமை காலை, பள்ளி வாசலில் வேன் நின்றதும் பிள்ளைகள் முட்டி மோதி இறங்கியதில் கனிஷ்கா படியிலிருந்து தவறி, கையை ஊன்றி விழுந்தாள். பொன்னன் தூக்கிவிட்டு மண்ணைத் தட்டி, “ஒன்னுமில்ல சாமி, போங்க போங்க, பெல் அடிச்சுருச்சு” என்று அனுப்பினார். ரத்தம் இல்லை. வெள்ளிக்கிழமை விளையாட்டுச் சீருடை, முழுக்கைச் சட்டை. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

வகுப்பில் அவள் அழுதுகொண்டிருந்தாள். அமுதவல்லி பார்க்காமல் இல்லை. பக்கத்தில் போய்க் குனிந்து, “வாட் ஹேப்பண்ட், கனிஷ்கா? டெல் மீ. இன் இங்கிலீஷ்” என்றாள்.

பிள்ளையின் உதடு துடித்தது. உள்ளே இருந்த சேதி பெரியது. கையில் இருந்த வாக்கியம் ஒன்றே ஒன்று.

“ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, மிஸ்.”

அமுதவல்லி “மம்மி வேணுமா” என்று கேட்க வாயெடுத்து, கேமரா ஞாபகம் வந்து, “மம்மி?” என்று மட்டும் கேட்டாள். கனிஷ்கா தலையாட்டினாள். வலிக்கும்போது எந்தப் பிள்ளைக்குத்தான் அம்மா வேண்டாம்? அம்மாவை நினைத்து அழுகிறது என்று அமுதவல்லி முடிவுசெய்து, கண்ணைத் துடைத்துவிட்டு, “குட் கேர்ள். நோ க்ரையிங்” என்று நகர்ந்துவிட்டாள்.

பதினொரு மணிக்கு வாராந்தர வீடியோ. ஒவ்வொரு பிள்ளையையும் “ஹவ் ஆர் யூ?” என்று கேட்டு, பதிலைப் படம் பிடித்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். கனிஷ்காவும் சொன்னாள். வலக்கையை இடக்கையால் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் கண்ணீர்க் கோடு காயாமல், ஒரு பிசிறில்லாமல் சொன்னாள். காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த ஸ்ரீதேவி அதைப் பார்த்தாள். கண்கூசும் வெயிலில் சின்னத் திரையில் என்ன தெரியும்? பிள்ளை ஆங்கிலம் பேசுவது தெரிந்தது. ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பினாள்.

மதியம் பிள்ளை சாப்பிடவில்லை. ஆயா “ஈட், ஈட்” என்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு இனியா எழுந்தாள். “மிஸ், கனிஷ்கா… கனிஷ்கா ஹேண்ட்…” என்று ஆரம்பித்துத் தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினாள். அமுதவல்லி கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

“ஃபுல் சென்டென்ஸ், இனியா.”

இனியா கனிஷ்காவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் நட்சத்திர நேரம். பிள்ளைகள் வரிசையில் வந்து வலக்கையை நீட்டின. கனிஷ்கா முறை வந்தது. முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் ஓர் ஆவல். அவள் இடக்கையை நீட்டினாள்.

நம் ஊரில் எதையும் இடக்கையில் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. பால் குடிக்கும் பிள்ளைக்கே முதலில் சொல்லித் தரும் மரியாதை அது. அமுதவல்லி சிரித்தபடி தலையை ஆட்டினாள். “நோ, நோ. ரைட் ஹேண்ட், கனிஷ்கா.”

பிள்ளை ஒரு நொடி யோசித்தது. பிறகு இடக்கையால் வலக்கையைத் தூக்கிக் கொண்டுவந்து அவளிடம் நீட்டியது, தனக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளைக் கொடுப்பது போல. விரல்கள் நீலம் பாய்ந்து, வீங்கி, சில்லிட்டிருந்தன. சட்டைக்கைக்குள் முழங்கை, இருக்க வேண்டிய திசையில் இல்லை.

“ஐயோ… என்றா சாமி இது? என்னாச்சு கண்ணு? எப்ப உழுந்தே? சொல்லு, மிஸ்கிட்டச் சொல்லு!”

தறிச்சத்தத்தில் வளர்ந்த குரல். மாடி முழுக்கக் கேட்டது. கேமராவிலும் கேட்டிருக்கும். அவளுக்கு இப்போது எந்தக் கேமராவும் இல்லை. ஆனால் கனிஷ்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த தங்க நட்சத்திரத்தையே பார்த்தாள். இன்னும் அது தன் கைக்கு வரவில்லை. கடைசி நிமிடத்தில் ஏமாறுவதற்கு அவள் தயாரில்லை.

“ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, மிஸ்” என்றாள்.

தாளாளரின் காரிலேயே சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்து, ரத்தக் குழாயை அழுத்தியபடி பகல் முழுக்க இருந்திருக்கிறது. டாக்டர் திட்டவில்லை. “காலையிலேயே கொண்டு வந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது” என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரியே அறுவை செய்தார்கள். கை பிழைத்தது. விரல்கள் முழுதாக மடங்கா, பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் ஸ்ரீதேவி அழுதுகொண்டே சொன்னாள். “அத்தன வலியிலயும் ஒரு வார்த்த தமிழ் பேசலீங்க எம் புள்ள.” அந்த அழுகையில் எது எவ்வளவு கலந்திருந்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நான் முயலப் போவதும் இல்லை.

சிவக்குமார் ரிக்கை அப்படியே போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். தாளாளர் அறையில் கூட்டம். பொன்னனை வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. பழி சுமக்க ஓர் ஆள் கிடைத்ததில் மற்றவர்களுக்கு மூச்சு விட முடிந்தது. அமுதவல்லி மட்டும் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வந்திருந்தாள். வேலை போனாலும் போகட்டும், ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகளைத் தமிழில் பேசவிட வேண்டும், அதைச் சொல்லாமல் இந்த அறையை விட்டுப் போகக் கூடாது.

“தமிழ்ல பேச உட்டிருந்தா அவ சொல்லியிருப்பாளுங்க” என்றாள். “காலைல உழுந்த உடனே சொல்லியிருப்பாளுங்க. நாந்தானுங்க உடல.”

சின்னுசாமி மேசையைப் பார்த்தார். சிவக்குமார்தான் பேசினார். கத்தவில்லை, அடிக்க வரவில்லை. அப்படி வந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

“தமிழ்ல சொல்றதுக்காங்க மிஸ் இத்தன தூரம் வேன்ல அனுப்பறோம்? அங்க வடக்க, ஆபீசர் ஒருத்தர் ரிக்குல வேல செய்யற பசங்க முன்னால இங்கிலீஷ்ல என்னய வெளுத்து வாங்கினாருங்க. தப்பு எம்மேல இல்ல. ஆனா அதச் சொல்ல எனக்கு வாயில்ல. மாடு மாதிரி நின்னனுங்க. எம் புள்ள அப்படி நிக்கக் கூடாது.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கை வலிக்குதுங்கறத இங்கிலீஷ்ல சொல்ல நீங்க கத்துக் குடுத்திருக்கோணுமுங்க. அதக் கூடக் கத்துக் குடுக்காம வேற என்னத்தத்தானுங்க கத்துக் குடுத்தீங்க?”

அமுதவல்லிக்கு இதற்குப் பதில் இருந்தது. நாமக்கல்லில் கேட்ட ஏணி இருந்தது, இனியாவின் ஆட்டுக்குட்டி இருந்தது. ஆனால் எதிரே நின்ற மனிதர் நின்ற அதே இடத்தில், அதே மாதிரி, அவளும் ஒருநாள் நின்றிருக்கிறாள். அந்த வலியை வைத்துத்தான் இத்தனை காரியமும் செய்திருக்கிறாள். வாய் அடைத்துப் போயிற்று. இந்தத் தடவை யாரும் சிரிக்கவும் இல்லை.

சின்னுசாமி பிரச்சினையைத் தீர்த்துவிட்டார். அவர் எதையும் தள்ளிப்போடுபவர் அல்ல. பாடப்புத்தகத்தில் புதிதாக ஒரு பக்கம் சேர்க்கப்பட்டது. ‘மை ஹேண்ட் இஸ் பெயினிங், மிஸ்.’ ‘மை லெக் இஸ் பெயினிங், மிஸ்.’ ‘மை ஸ்டமக் இஸ் பெயினிங், மிஸ்.’ தினமும் காலையில் ஃபைனுக்கு அடுத்து இதையும் ஒப்பிக்க வேண்டும். பெற்றோர் குழுவில் வீடியோ போனபோது கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இங்கே அந்த நமஸ்காரத்தையும் சேர்க்கை விளம்பரத்தில் போட்டார்கள்.

அமுதவல்லி வேலையை விடவில்லை. தான் போனால் அந்த இடத்தில் கழுத்தட்டைக்காரி ஒருத்தி வருவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். முழு உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

தீபாவளிக்குப் பிறகு கனிஷ்கா வந்தாள். வகுப்பு அவளைக் கைதட்டி வரவேற்றது. பிறகு ஒப்பித்தல் தொடங்கியது. பிள்ளைகள் கையைத் தூக்கிக் காட்டி, காலைத் தூக்கிக் காட்டி, வயிற்றைத் தடவி, சிரித்துக்கொண்டே “இஸ் பெயினிங், மிஸ்!” என்று கூவின. நல்ல விளையாட்டு அது. கனிஷ்காவும் நாலு நாளில் பாடமாக்கிவிட்டாள். வேனில் இப்போது யாரிடமும் எருமைக் கதை சொல்வதில்லை. புது டிரைவருக்கு அவளுடைய பழைய வாய் தெரியாது. நல்ல அமைதியான பிள்ளை என்றார்.

ஒரு காலை, எல்லாரும் உச்சக்குரலில் கூவிக்கொண்டிருந்தபோது, கனிஷ்கா மட்டும் வலக்கையை மடியில் வைத்து மெல்ல அமுக்கிக்கொண்டிருந்ததை அமுதவல்லி பார்த்தாள். குளிர்காலக் காலைகளில் அந்தக் கை குடையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளையின் டெஸ்க் அருகே மண்டியிட்டாள். கூச்சலுக்கு அடியில் மைக்குக்குக் கேட்காது. வாயைக் காதோடு வைத்துக் கேட்டாள்.

“வலிக்குதா சாமி? மிஸ்கிட்டச் சொல்லு. தமிழ்லயே சொல்லு. ஒன்னும் பண்ண மாட்டேன்.”

கனிஷ்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறவள் போல வாய் லேசாகத் திறந்தது. பிறகு மடங்காத விரல்களோடு அந்தக் கையை மெதுவாகத் தூக்கி, மேலே மூலையில் இருந்த கேமராவைக் காட்டினாள். பெரியவர்கள் சின்னப் பிள்ளையை எச்சரிப்பது போல, பரிவோடு, ரகசியமாகச் சொன்னாள்.

“நோ தமிழ், மிஸ்.”

அமுதவல்லி எழுந்து நின்றாள். பழகிய வாய். அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

“குட் கேர்ள்.”